பெயர்கள் ஓடும் நேரம்

படக்கொட்டகையில் விளக்கணைந்ததும் முதலில் வருவது பெயர் வரிசை. நடித்தவர் யார், இசை யாருடையது, ஒளிப்பதிவு யார் என்று எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாய் ஓடும். அந்நேரம் இருக்கை தேடுவதற்கும் முறுக்கு வாங்குவதற்கும் உரியது என்றே நம்மில் பலர் கருதுகிறோம். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் நிலைமை இதுவே. அங்கே சில கொட்டகைகளில் பெயர்கள் மூடிய திரைச்சீலையின் மீதே ஓடி முடியும். பிறகுதான் சீலை விலகும். 1955-இல் ஓட்டோ பிரமிங்கர் இயக்கிய 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' வெளிவந்தபொழுது, பெயர்கள் தொடங்குமுன்பே சீலையை விலக்குக என்னும் குறிப்பு படப்பெட்டிகளுடன் சென்றது. கறுப்புத் திரையில் வெண்கோடுகள் நகர்ந்து, முடிவில் கோணிய கை ஒன்றாய்த் திரண்டன. போதைப் பொருளுக்கு அடிமையானவனின் கதை அது. அம்முகப்பை வரைந்தவர் சால் பாஸ்; விளம்பர ஓவியத் துறையினின்று வந்தவர்.

மர்மப் படங்களில் அவர் திறம் முழுதும் விளங்கியது. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' 1958-இல் வந்தது. ஒரு பெண்ணின் உதடுகள், பிறகு கண்கள், திரை சிவக்கிறது, கண்மணியிலிருந்து சுருள் ஒன்று சுழன்றெழுகிறது. சுழலும் அவ்வுருவங்களை அமைத்தளித்தவர் ஜான் விட்னி. உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் துப்பறிவாளனே கதைத் தலைவன். அவன் தலை சுற்றுமுன் நம் தலை சுற்றிவிடுகிறது! பின்னர் நாயகியின் கொண்டையில் அதே சுருளைக் காண்கிறோம்.

1960-இல் வந்த 'சைக்கோ'வின் முகப்பே எல்லாவற்றினும் சிறந்தது என்பது என் கருத்து. அதில் கத்தியுமில்லை, குருதியுமில்லை. கோடுகள் பக்கவாட்டிலும் மேலுங்கீழுமாகவும் பாய்கின்றன. பெயர்கள் துண்டுபட்டுக் கிடந்து, நொடிப்பொழுது ஒன்றுகூடி, மீண்டும் சிதறுகின்றன. ஒரு மனம் பிளவுண்டு கிடக்கும் கதைக்கு வேறென்ன முன்னுரை வேண்டும்? பெர்னார்ட் ஹெர்மன் அப்படத்திற்கு நரம்புக் கருவிகளை மட்டுமே கொண்டு இசையமைத்தார். பெயர்கள் முடிந்ததும் பீனிக்ஸ் நகரத்துப் பட்டப்பகல்! நாயகி நாற்பதாயிரம் டாலரைக் கவர்ந்துகொண்டு காரோட்டிச் செல்கையில் அந்த முகப்பிசையே மீண்டும் ஒலிக்கிறது. அவள் காரோட்டுகிறாள், அவ்வளவே. ஆயினும் நமக்கு வியர்க்கிறது. கொலையோ இன்னும் நடந்தபாடில்லை.

படம் தொடங்கியபின் எவரையும் உள்ளே விடலாகாதென்று ஹிட்ச்காக் விதித்தார். நேரங்கழித்து வந்த மாணவரைப் பல்லாண்டு வாயிலில் நிறுத்திய எனக்கு அவ்விதி மிகவும் உவப்பானது.

1991-இல், தம் எழுபதாம் வயதைக் கடந்த நிலையில், பாஸ் தம் மனைவி எலேனுடன் சேர்ந்து 'கேப் ஃபியர்' படத்தின் முகப்பை அமைத்தார். ஹெர்மன் அப்பொழுது உயிருடன் இல்லை. 1962-இல் அதே பெயரில் வந்த படத்திற்கு அவர் அமைத்த இசையையே எடுத்தாண்டனர். திரையில் தெரிவது பெரும்பாலும் நீர்ப்பரப்பு. அதன் அலைகளில் பெயர்கள் நெளிகின்றன. நீருக்கடியில் யார் இருக்கிறார் என்பதை முகப்பு சொல்வதில்லை.