சுவரும் மலையும்

மதத்தையும் அரசையும் பிரிப்பது பற்றி எப்போது விவாதம் வந்தாலும் யாராவது ஒருவர் ஜெஃபர்சனின் 'சுவரை' இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். 1802இல் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு அவர் எழுதிய கடிதத்தில் வருகிற சொல் அது. கடிதத்தைப் பெற்றவர்கள் நாத்திகர்கள் அல்ல. வேறொரு சபைக்கு அரசு முட்டுக்கொடுத்த கனெக்டிகட்டில் ஒடுங்கிக் கிடந்த சிறுபான்மைக் கிறித்தவர்கள். பின்னர் 1979இல் ஜெரி ஃபால்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகரே 'மாரல் மெஜாரிட்டி' தொடங்கி வாக்கு வேட்டைக்குப் புறப்பட்டார். அந்தக் கூத்து இருக்கட்டும். நான் பேச வந்தது வாழவந்தி நாட்டுக்கு வந்த ஓர் ஆங்கிலேய பாப்டிஸ்டைப் பற்றி.

எம்.ஏ. தமிழ் படித்த எனக்குக் கொல்லிமலை என்றால் ஓரியும் பாவையும்தான். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனபிறகுதான், பாடத்தில் மலை இருந்தது, மலையாளிகள் (இங்கே அது பழங்குடியின் பெயர்) இல்லை என்பது உறைத்தது.

ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் எவ்லினும் 1913இல் இங்கே குடியேறினார்கள். காய்ச்சலுக்கும் நரம்புச் சிலந்திக்கும் மருந்து, பள்ளிக்கூடம், தச்சுவேலை. எல்லாம் அரசு செய்திருக்க வேண்டியவை. சுவர் எழுப்ப இரண்டு பக்கமாவது வேண்டுமே, இங்கே அரசு என்ற பக்கம் எங்கே இருந்தது?

எதிரே நின்றவர் பூசாரி. மிஷன் தரப்பு நூல்கள் சொல்லும் கதை இது: ஆண்டுக்கணக்கில் யாரும் மதம் மாறவில்லை, பூசாரியின் எதிர்ப்பு அவ்வளவு. 1918-19 விஷக்காய்ச்சலில் அவரே சாகக் கிடந்தபோது பிராண்ட் தம்பதியர்தான் பக்கத்தில் போனார்கள். தன் கைக்குழந்தையை அவர்களிடமே அவர் ஒப்படைத்தார். இதை அன்பின் வெற்றி என்று மட்டும் வாசிக்க என்னால் முடியவில்லை. அன்று மலைமேல் ஓர் அரசு ஆஸ்பத்திரி இருந்திருந்தால் அந்தக் குழந்தை யார் வீட்டில் வளர்ந்திருக்கும்? 'மிஷனரி என்றால் ஏகாதிபத்தியம்' என்கிற நம் வாய்ப்பாடும் இங்கே செல்லாது. ஏகாதிபத்தியத்தின் கஜானா அந்தக் காய்ச்சலுக்குக் கஞ்சி ஊற்றவில்லை.

ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலிலேயே செத்தார். மகன் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்த அறுவை மருத்துவர். 1966இல் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அமெரிக்கக் கூட்டரசு நடத்திய மருத்துவமனை. ஆனால் அங்கே 1896 முதலே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் கத்தோலிக்கக் கன்னியர்! யாரும் தொட அஞ்சிய உடம்பு என்றதும் அவர்களுடைய 'சுவரும்' கதவு திறந்துகொண்டது.

நம் பக்கம் பிரச்சினை வேறு. 1950 ஆணைப்படி தலித் ஒருவர் கிறித்தவரானால் பட்டியல் சாதி உரிமை போய்விடும். பழங்குடிக்கு அந்த நிபந்தனை இல்லை. சேந்தமங்கலம் தனித்தொகுதியில் ஜெபவீட்டுக்குப் போகிற மலையாளியும் நிற்கலாம். மதம் மாறிய பழங்குடிகளைப் பட்டியலிலிருந்து நீக்கு என்று 1960களின் இறுதியில் கார்த்திக் ஓரான் எழுப்பிய கோரிக்கை, அண்மை ஆண்டுகளில் வடக்கே ஊர்வலங்களாகத் திரும்பியிருக்கிறது. அது மலையேறினால் ஒரே வீட்டில் அண்ணன் பழங்குடி, தம்பி வேறு யாரோ. ஆடியில் ஓரிக்கு விழா எடுக்கிற, அறப்பளீசுவரர் கோயிலை அறநிலையத் துறை வழியே நிர்வகிக்கிற அரசு, சான்றிதழுக்கு முன்னால் சாமி பெயர் கேட்குமா?

வாழவந்தியில் ஒரு பெரியவரிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். ஜெஃபர்சனில் அவருக்கு அக்கறை இல்லை.

"அப்படின்னா எம் பேரனுக்கு சர்ட்டிபிகேட் குடுக்க மாட்டாங்களா தம்பி?"

இப்போதைக்குத் தருவார்கள் என்றேன்.