ஒரு மில்லிமீட்டர் தமனியும் ஸ்டான்லியின் கைப்பிரிவும்

சேலையூர் மலரில் பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் நம் சுற்றுவட்டாரத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். குரோம்பேட்டை, நாகல்கேணி தோல் பட்டறைகள், 1984இல் சானடோரியத்தில் வந்த மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம், அவற்றைச் சுற்றி முளைத்த லேத் பட்டறைகள். மெஷின் பெருகிய இடத்தில் விரல் போவதும் பெருகும். 'ஸ்டான்லிக்குக் கொண்டு போ' என்ற பேச்சு 30 கிலோமீட்டர் தாண்டித் தாம்பரத்திலும் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

வடசென்னைப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் அந்த இடத்தில் 1938இல் மருத்துவக் கல்லூரி வந்தது. கைக்கென்றே தனிப் பிரிவை 1971இல் தொடங்கியவர் டாக்டர் ஆர். வெங்கடசாமி. நுண்ணோக்கி வழியே செய்யும் அறுவை அப்போது உலகத்துக்கே புதுத்துறை. நுண்ணோக்கியின் கீழ் சிறு ரத்தக்குழாயைத் தைக்கலாம் என்று அமெரிக்காவில் ஜேக்கப்சனும் சுவாரெஸும் காட்டியது 1960இல். ஜப்பானில் கொமாட்சுவும் தமாயும் துண்டான கட்டைவிரலை ஒட்டவைத்தது 1965இல்.

தைக்கும் முறைக்கு வேர் இன்னும் பழையது. 1894இல் பிரெஞ்சு ஜனாதிபதி கார்னோ லியோனில் கத்திக்குத்துப்பட்டு, அறுந்த ரத்தக்குழாயைத் தைக்க வழியில்லாமல் இறந்தார். அதே ஊரில் மருத்துவம் படித்த அலெக்சிஸ் கரேல், பூவேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் போய் ஊசி பிடிக்கக் கற்றார். குழாயின் வட்டத்தில் சம இடைவெளியில் மூன்று தையல் போட்டு இழுத்தால் வாய் முக்கோணமாக விரியும். இடைவெளிகளை நிதானமாகத் தைக்கலாம். 1912இல் நோபல் பரிசு. 1967இல் காபெட் அதை மாற்றினார்: முன்பக்கம் 120 பாகை இடைவெளியில் இரண்டே தையல். பின்சுவர் தானாகத் தொங்கி விலகிக்கொள்ளும்; ஊசி அதையும் சேர்த்துக் குத்தி வழியை அடைக்கும் ஆபத்து குறையும்.

விரலின் தமனி ஒரு மில்லிமீட்டர்தான். நூலோ 0.02 முதல் 0.03 மில்லிமீட்டர் கனமுள்ள நைலான், தலைமுடியைவிட மெலிது. அதனால் உலகெங்கும் மாணவர் முதலில் தைப்பது நீட்டிக் கட்டிய ரப்பர் கையுறைத் துண்டை. பிறகு கடையில் வாங்கிய கோழித்தொடையின் தமனி. கடைசியில் மயக்க மருந்து கொடுத்த எலியின் தொடைத் தமனி, ஏறக்குறைய விரல் தமனியின் அளவேதான். மணிக்கட்டை மேசையில் ஊன்றாமல் யாராலும் நடுக்கத்தை அடக்க முடியாது. வெளிச்சவ்வை நறுக்கி, நசுங்கிய ஓரத்தை வெட்டி, உள்சுவரை இடுக்கியால் தொடாமல், எட்டுத் தையல் அளவில் முடிக்க வேண்டும். பிறகுதான் பரீட்சை. தையலைத் தாண்டி இரண்டு இடுக்கியால் குழாயைப் பிடித்து, நடுவில் உள்ள ரத்தத்தை வழித்துவிட்டு, தையல் பக்கத்து இடுக்கியை மட்டும் விட வேண்டும். ரத்தம் சட்டென்று நிரம்பினால் தேறினார். இல்லையென்றால் பிரித்துத் திரும்பவும்.

தைக்கத் தெரிந்தவர்களுக்கு எப்போது தைக்கக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். நுனி சாய்வாக வெட்டுப்பட்ட விரலுக்கு, பக்கத்துத் தோலையே அதன் நரம்பு, ரத்தக்குழாயோடு முக்கோணமாக நகர்த்தி மூடும் முறையை வெங்கடசாமியும் சுப்பிரமணியனும் 1980இல் எழுதினார்கள். வெளிநாட்டுக் கை மருத்துவர்களும் அதை வெங்கடசாமி என்ற பெயரிலேயே குறிப்பிடுகிறார்கள். என் கணக்கில் அந்தப் பிரிவின் பெரிய சொத்து இதுதான்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: துண்டான விரலை நேரே ஐஸில் போடாதீர்கள், குளிரில் திசு கெட்டுவிடும். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, அந்தக் கவரை ஐஸ்மேல் வையுங்கள்.

2018 பிப்ரவரியில் ஸ்டான்லியில் ஒருவருக்கு இரு கைகளையும் மாற்றிப் பொருத்தினார்கள். தமிழ்நாட்டில் அதுவே முதல். பத்திரிகைகள் கொண்டாடின, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் முன்கைத் தமனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். ஊசிவேலையை மட்டும் பார்த்தால், அகாலத்தில் வந்துசேரும் பட்டறைப் பையனின் சுண்டுவிரல்தான் கஷ்டம்.