களத்துமேட்டுச் சுதந்திரம்

பழைய வருவாய்க் கணக்குகளில் ‘சுதந்திரம்’ என்ற சொல்லுக்கு வேறு பொருள். களத்தில் நெல் குவிந்ததும் அரசனுக்கு மேல்வாரம், ஊராருக்குக் குடிவாரம் என்று பிரிப்பார்கள். இந்தப் பிரிவினைக்கு முன்னும் பின்னுமாகத் தச்சன், கொல்லன், வெட்டியான், தலையாரி ஆகியோர் அளந்து வாங்கிய பங்குதான் சுதந்திரம். மேரை என்றும் சொல்வதுண்டு. அது கூலியுமல்ல, தருமமுமல்ல, பாத்தியதை.

தொண்டைமண்டலத்துக் காணியாட்சியும் அடிப்படையில் பங்கே. இன்னாருக்கு இத்தனை பங்கு என்பதே கணக்கு. இன்ன வயல் என்பதல்ல. கரையீடு இருந்த ஊர்களில் வயல்கள் காலத்துக்குக் காலம் கைமாறின. வெளியூரிலிருந்து வந்து உழுத புறக்குடி, காணியாளனுக்குத் துண்டுவாரம் அளந்தான்.

இதைப் பொற்காலம் என்று கொள்வதற்கில்லை. நிலத்தோடு ஆளையும் சேர்த்து விற்ற ஓலைகள் இருக்கின்றன. களத்தில் பங்கு இருந்தது, சமத்துவம் இல்லை. ஆனால் கடைசியில் நின்றவனின் உரிமைக்கும் ஒரு பெயரும் ஒரு அளவும் இருந்தன. அது ஊர் பார்க்க அளக்கப்பட்டது.

கும்பினி கேட்ட கேள்வி வேறு: நிலம் யாருடையது? மிராசு பாத்தியம் பற்றி அரசு எழுப்பிய பதினேழு கேள்விகளுக்கு எல்லிஸ் எழுதிய பதில்கள் 1818இல் அச்சாயின. அவர் கண்ட பின்னலை நிர்வாகத்தால் தாங்க முடியவில்லை. 1820இல் மன்றோ கவர்னராக வந்தபின் ரயத்துவாரி நிலைபெற்றது: வயலுக்கொரு பட்டா, பட்டாவுக்கொரு பெயர், தீர்வை பணமாக. தஞ்சையில் அந்தப் பெயர் பெரும்பாலும் ஏர் பிடிக்காத மிராசுதாருடையது. ‘ரயத்து’ என்றால் குடியானவன் என்பது அகராதிக்கு மட்டுமே தெரிந்த செய்தியாயிற்று. மற்றவர்களின் பங்குக்குப் பட்டாவில் இடமில்லை. பாத்தியதையாக இருந்தது மெல்லப் பட்டாதாரரின் தயவாக மாறியது.

1843இல் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் போயிற்று. விடுபட்டவனுக்கு நிற்க நிலமில்லை. செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு இதைத்தான் காட்டுகிறது: தரிசு கேட்டுப் பறையர்கள் தர்க்காஸ்து போட்டால், மிராசுதார்கள் தங்கள் முன்னுரிமையைச் சொல்லி அதைத் தடுத்தார்கள். பழைய பங்குமுறையில் மேலே இருந்தவனின் உரிமை மட்டும் காகிதத்தில் ஏறிப் பிழைத்தது.

எனவே, நிலப்பிரபுத்துவத்தை வெள்ளைக்காரன் படைத்தான் என்பதும், அது ஆதிமுதல் அப்படியே இருந்தது என்பதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள். பல பாத்தியதைகளில் ஒன்றைச் சொத்தாக்கி, மற்றவற்றைப் பெயரில்லாமல் ஆக்கியதுதான் நடந்தது.

1947இல் சுதந்திரம் புதிய பொருளில் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்துபோனார்கள். குழந்தைகளும் பெண்களும் முதியவர்களுமே அவர்களில் அதிகம். தகராறின் மூலம், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டது. குற்றம் சாட்டப்பட்ட நிலச்சுவான்தார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அந்த மக்கள் கேட்டதும் சுதந்திரம்தான், பழைய பொருளில்: களத்தில், ஊர் பார்க்க அளந்து தரப்படும் நெல்.