தமுக்கும் நீலச் சுவரும்

காரைக்குடியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அச்சையும் மேடையையும் விடாமல் எழுதுகிறார்கள். 1919இல் பாரதி வந்த இந்து மதாபிமான சங்கம், 'குமரன்', 'ஊழியன்' பத்திரிகைகள், 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம், ஏவி.எம். இங்கே ஸ்டூடியோ போட்டு எடுத்த 'நாம் இருவர்' (1947). எல்லாம் உண்மைதான். இவ்வளவு சத்தத்துக்கும் நடுவில் ஊர் ஊராய்ச் சேதி சொன்ன இன்னொரு ஆள் இருந்தான். அவனுக்கு அந்த வரலாற்றில் ஒரு வரி கிடையாது. அவன்தான் எங்க ஐயா, அப்பாவைப் பெத்தவர்.

ஐயா தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தமுக்கு அடித்தவர். மாடு காணாமல் போனாலும், கண்மாய் மீன் ஏலத்துக்கு வந்தாலும், தீர்வை கட்டக் கெடு வந்தாலும், சாமிக்குக் காப்புக் கட்டினாலும் அவர்தான் தெருத் தெருவாய்ப் போய்ச் சொல்லவேண்டும். எழவுச் சேதி சொல்லப் பத்து மைல் நடந்திருக்கிறார். கூலி நெல். அவர் சொன்ன சேதியில் ஒரு வார்த்தைகூட அவருடையது இல்லை. "அவுக சொன்னதச் சொல்லணும், சொல்லிப்புட்டு வந்துரணும், அம்புட்டுத்தேன்" என்பார்.

இந்தப் பகுதி முழுக்க அன்றைக்கு ராமநாதபுரம் ஜில்லா. சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல். அந்த ஜில்லாவில் 1930 டிசம்பரில் கள்ளர் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் இதைத் தம் 'இந்தியாவில் சாதி' நூலில் பதிந்திருக்கிறார். நகை கூடாது, சட்டை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது, பெண்கள் மேலே துணி போடக்கூடாது என்பதையெல்லாம் பலரும் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். நான் நின்று படிப்பது வேறு இரண்டை. பிள்ளைகள் எழுத்துப் படிக்கக்கூடாது. கல்யாணத்தில் மேளம் கூடாது, குதிரை ஊர்வலம் கூடாது. எழுத்து, சத்தம், தெருவில் ஒரு காட்சி, மூன்றுக்கும் சேர்த்துப் பூட்டு. அப்பத்தா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தது: "ஊரு எழவுக்கெல்லாம் அடிச்ச மனுசன். எங் கழுத்துல தாலி ஏறயில ஒரு தட்டுச் சத்தம் கேக்கல."

பத்திரிகை என்பது தலித்துகளுக்கு நேற்று வந்த சமாச்சாரம் என்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கியது 1893இல்; அது 1900 வரை வந்தது. அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' 1907இல் சென்னையில் பிறந்தது. விலை காலணா. கோலார் தங்கவயல் தொழிலாளிகள் காத்திருந்து வாங்கினார்கள். படிக்கவே தடை போட்ட எங்கள் சீமையில் அதை யார் வாங்குவது, யார் வாசித்துக் காட்டுவது?

எங்களுக்கு எழுத்து வந்தது சுவர் வழியாகத்தான். 1989இல் மலைச்சாமி இறந்து, 1990இல் திருமாவளவன் தலைமைக்கு வந்த தலித் பேந்தர் இயக்கம் மதுரைச் சுவர்களில் எழுதிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் போய்வந்த பையன்கள் அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். 1991 ஏப்ரலில் அம்பேத்கர் நூற்றாண்டு. சுண்ணாம்பில் பசை கலந்து, நீலப்பொடி கரைத்து, பிரஷ் வாங்கக் காசில்லாமல் பனை மட்டையின் நுனியை நசுக்கிக்கொண்டு ராத்திரியில் கிளம்பினோம். எல்லாக் கட்சியும் கேட்காமல் எழுதுகிற ஒரு மதில் அது. நாங்கள் அம்பேத்கர் படமும் பெயரும் எழுதினோம். மூன்றாம் நாள் அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளை அடித்துவிட்டார்கள். அடிக்கக் கூலிக்கு வந்தவர் எங்க தெரு மாமாதான். "மெல்லிசாத்தான் பூசியிருக்கேன் மாப்ள, மழ பேஞ்சாத் தெரியும்" என்றார். கோடை மழையில் கண்ணாடி நன்றாகவே தெரிந்தது.

நோட்டீஸ் அடிக்கப் போன இடத்தில் வேறு கூத்து. அச்சகத்தில் பிள்ளையார் பிளாக் இருக்கிறது, முருகன் இருக்கிறார், தலைவர்கள் வரிசையாய் இருக்கிறார்கள். அம்பேத்கர் பிளாக் இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லையாம். மதுரைக்குப் போய் வாங்கிவந்தோம்.

அன்று ராத்திரி ஊர்வலத்தில் டேப் ரிக்கார்டரில் ஓடியது கே.ஏ. குணசேகரனின் குரல். இளையான்குடி பக்கத்து மாரந்தைக்காரர், நம்ம மாவட்டம். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராய்க் கொண்டுபோனவர் அவர். மேடையில் பறையோடு நின்றவர். 2016இல் போய்விட்டார். எழவுக்கும் ஏலத்துக்கும் மட்டும் அடித்த தோலில் வேறு சேதி சொல்லலாம் என்பதை அந்தக் குரல் கேட்டுத்தான் நான் புரிந்துகொண்டேன். ஐயாவுக்கு அது கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லித் தமிழக அரசின் உத்தரவு வந்தது 2022இல்தான்.

ஒன்று மட்டும் இப்போதும் உறுத்துகிறது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எந்தத் தாளையும் விடாமல் சேர்த்தவர். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சென்னையில் அவர் பெயரில் நூலகம் ஆனது. நூற்றாண்டு நோட்டீஸ் அடித்தபோது அவர் உயிரோடு இருந்தார். சைக்கிளில் போகிற தூரம். ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆயிரம் அடித்தோம். என் டிரங்குப் பெட்டியில் இருப்பது இரண்டு. ஒன்றில் கரையான் ஏறிப் பாதி போய்விட்டது.