ரேகையும் நற்சான்றும்

மருத்துவக் கல்லூரியில் இடம் வேண்டி விண்ணப்பம் நிரப்பும் ஓர் இளைஞன், தன் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், மதிப்பெண் ஆகியவற்றைத் தடையின்றி எழுதிக்கொண்டே வருகையில், "உம்மீது குற்ற வழக்கு எதுவும் இருந்ததுண்டா?" என்னும் வினாவை எதிர்ப்படுவானாயின், பெரும்பாலும் "இல்லை" என்னும் ஒரு சொல்லோடு அதனைக் கடந்து சென்றுவிடுவான். ஒரு சிலர்க்கு மட்டும் பேனா அவ்விடத்தில் நின்றுவிடும். அறியாப் பருவத்தில் செய்த சிறு பிழை, திருவிழாக் கூட்டத்தில் நேர்ந்த கைகலப்பு, சாலை மறியலில் நின்றமைக்காகப் போடப்பட்ட வழக்கு என்று ஏதோ ஒன்று அவர்கள் நினைவுக்கு வரும். அந்த வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் பழனி மலையடிவாரத்து ஊர்களுக்கும் பங்கு உண்டு. அதைக் குறித்தே நேயர்களிடம் இன்று சிறிது பேச விழைகிறேன்.

மருத்துவனுக்கு நற்பெயர் வேண்டும் என்பது பழைய கொள்கை. நோயாளி தன் உடலையும் மறைவான செய்திகளையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்திருக்கிறான் அன்றோ! இங்கிலாந்தில் 1858-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் இயற்றியபோதே, குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்ற மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடலாம் என்று அதில் விதி செய்தார்கள். அந்நாட்டிலேயே 1974-இல் மற்றொரு சட்டம் வந்தது. சிறு குற்றம் செய்தவன் குறித்த காலம் ஒழுங்காக வாழ்ந்தால் அக்குற்றம் கழிந்துபோனதாகக் கொள்ளப்படும் என்பது அச்சட்டத்தின் கருத்து. ஆயினும் மருத்துவம் முதலிய சில தொழில்களுக்கு அச்சலுகை முழுமையாகக் கிட்டவில்லை. 2008-ஆம் ஆண்டில், சிறுவயதில் ஒரு திருட்டு வழக்கில் அகப்பட்ட மாணவன் ஒருவனுக்குத் தருவதாக இருந்த மருத்துவப் படிப்பு இடத்தை இலண்டன் கல்லூரி ஒன்று திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்நாட்டு இதழ்கள் பல நாள் அதனைப் பற்றி விவாதித்தன. அமெரிக்காவிலோ மருத்துவக் கல்லூரிக்கு மனுச் செய்வோரிடம் இவ்வினா நேராகவே கேட்கப்படுகிறது. நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகள், ஒழுக்கக் கேடான குற்றத்திற்காக நீதிமன்றத்தில் தண்டனை பெறுவதை மருத்துவர்க்குரிய தீய நடத்தையாகக் குறித்தன. இவையெல்லாம் தனி மனிதன் ஒருவன் செய்த செயலைப் பற்றியவை. செயல் எதுவும் செய்யாமலே, பிறந்த காரணத்தால் ஏட்டில் ஏறிய பெயர்களைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொடைக்கானலிலிருந்து தெற்கே நோக்கினால், மலை சரிந்து இறங்குமிடத்தில் பெரியகுளமும், அதற்கப்பால் தேனியும் தெரியும். தேனியிலிருந்து கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தால் உசிலம்பட்டிச் சீமை. வானம் பார்த்த பூமி. அங்கே வாழும் பிரமலைக் கள்ளர் சமூகத்தார் மீது, குற்றப் பரம்பரைச் சட்டம் என்று நாம் வழங்கும் சட்டம் பாய்ந்தது. 1871-இல் வட இந்தியாவிற்கென்று இயற்றிய அச்சட்டத்தை 1911-இல் விரிவாக்கிச் சென்னை மாகாணத்திற்கும் கொண்டுவந்தனர். 1914-இல் கீழக்குடியாரில் தொடங்கி, 1918-ஐ ஒட்டி அச்சமூகம் முழுவதும் அச்சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டது. ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரையினர் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்புச் செல்லுமா செல்லாதா என்று ஆராயும் உரிமை எந்த நீதிமன்றத்திற்கும் இல்லை என்றும் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். வழக்கு இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பும் இல்லை. தண்டனை மட்டும் உண்டு!

ஊர் மக்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என்றே வழங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனைக் 'கைநாட்டு' என்று நாம் சொல்லுகிறோம். பத்திரத்தில் ஒரு பெருவிரலை ஒற்றுபவனே கைநாட்டு. காவல் நிலையத்தில் ஒற்ற வேண்டியவை பத்து விரல்கள். கைவிரல் ரேகைகளைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறை, 1858 அளவில் வங்காளத்தில் ஹெர்ஷல் என்னும் அதிகாரியால் சோதிக்கப்பட்டு, 1897-இல் கல்கத்தாவில் அதற்கெனத் தனி அலுவலகம் ஏற்படும் அளவுக்கு வளர்ந்தது. அறிவியல் வரலாற்றில் அது ஒரு பெருமை. அப்பெருமையின் மறுபக்கத்தை உசிலம்பட்டிச் சீமையில் கண்டார்கள்.

ரேகை பதித்த ஆடவர் இரவுதோறும் காவல் நிலையத்திலோ, ஊர்ப் பொதுவிடத்திலோ வந்து படுக்க வேண்டும். வெளியூர் செல்ல வேண்டுமாயின் 'ராதாரிச் சீட்டு' என்னும் அனுமதிச் சீட்டைப் பெற வேண்டும். எங்கே செல்கிறான், எத்தனை நாள், எவரிடம் தங்குகிறான் என்பதெல்லாம் அச்சீட்டில் குறிக்கப்படும். சென்ற ஊரிலும் அதனைக் காட்ட வேண்டும். மனைவிக்குப் பேறுகாலம் வந்தாலும், வயலில் தண்ணீர் பாய்ச்ச முறை வந்தாலும், இரவு அழைப்புக்கு இல்லாது போனவன் குற்றவாளி. திங்களூர்ச் சந்தைக்குப் போய்வரும் மாட்டு வியாபாரிக்குச் சீட்டின்றிக் கால் நகராது. புதுமாப்பிள்ளைகளும் காவல் நிலையத் திண்ணையில் படுத்ததை அப்பகுதி முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முன்பு தண்டனை பெற்ற ஒருவன், குறிப்பிட்ட குற்றங்களில் மறுமுறையும் தண்டிக்கப்பட்டால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை என்றும், மூன்றாம் முறை தீவாந்தரம் என்றும் விதி இருந்தது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் சேர்க்கவும் சட்டம் இடங்கொடுத்தது.

1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் ரேகை பதிக்க வந்த காவலர்க்கு ஊரார் இணங்க மறுத்தனர். துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர் துறந்தோர் பதினாறு பேருக்குக் குறையார். காயம்பட்டோர்க்குத் தண்ணீர் கொண்டு சென்ற மாயக்காள் என்னும் பெண்ணும் மாண்டோருள் ஒருவர். அவ்வூரில் இன்று அவர்களுக்கு நினைவுத்தூண் நிற்கிறது. அம்மக்களுக்காக வழக்குமன்றத்திலும் பத்திரிகையிலும் வாதாடியவர் மதுரையில் தொழில் நடத்திய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்த மலையாளக் கிறித்தவராகிய அவரை அம்மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று தம்மவராக்கிக்கொண்டார்கள். சட்டையில் ரோசாப்பூச் செருகும் பழக்கம் அவருக்கு இருந்ததாம்.

அந்த 1920-ஆம் ஆண்டைப் பற்றி ஆசிரியனாகிய எனக்குத் தனியே ஒரு வியப்பு உண்டு. அதே ஆண்டில்தான் சென்னை மாகாணம் சிறார் சட்டத்தை இயற்றியது. குற்றம் செய்த சிறுவனை வளர்ந்த கைதிகளோடு சேர்த்து வைக்கலாகாது, அவனைத் தனியே விசாரித்துத் திருத்த வேண்டும் என்ற இரக்கம் இந்தியாவில் முதன்முதலாகச் சட்ட வடிவம் பெற்றது இங்கேதான். அதே ஆண்டில்தான் கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின் பள்ளிகளும் தொடங்கின. ஒரு கையில் துப்பாக்கியும் ஒரு கையில் பலகையும் ஏந்தி ஓர் அரசாங்கம் ஒரே மக்களிடம் வந்தது என்று சொன்னால் மிகையாகாது. குற்றம் செய்த நகரத்துச் சிறுவனுக்குப் புதிய சட்டம் இரக்கம் காட்டிற்று. குற்றமே செய்யாத உசிலம்பட்டிச் சிறுவனோ வளர்ந்தவுடன் விரல் நீட்ட வேண்டியவன்.

அப்பள்ளிகளைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. கண்காணிப்பின் மற்றொரு வடிவமே அவை என்று சிலர் கூறுவர். தொடக்க நோக்கத்தைக் கருதினால் அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் பள்ளிக்கூடம் என்பது, திறந்தவன் எண்ணத்தோடு நின்றுவிடும் பொருளன்று. பயிற்சிப் பள்ளியில் படித்த காலந்தொட்டு நான் கண்ட உண்மை இது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் பரவிய அப்பள்ளிகளிலும் விடுதிகளிலும் படித்தவர்கள் ஆசிரியராயினர், அலுவலராயினர், மருத்துவரும் ஆயினர். 2020-ஆம் ஆண்டில் தமிழக அரசு, அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு ஏழரை இடங்களை ஒதுக்கிச் சட்டம் செய்தபோது, அச்சட்டத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இடம்பெற்றன. ரேகைச் சட்டத்தோடு பிறந்த பள்ளியின் வாயிலிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு ஒரு வழி வெட்டப்படுவதற்கு நூறு ஆண்டுகள் ஆயின.

சட்டம் நீங்கிய கதை சுருக்கமானது. முத்துராமலிங்கத் தேவர் முதலானோர் 1929 தொட்டு நடத்திய கிளர்ச்சிகள் ஒருபுறம் இருக்க, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்த 1947-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. நாடு விடுதலை பெற இரண்டு திங்கள் இருந்தன. இந்தியா முழுவதிலும் அது நீங்க 1952 ஆகஸ்ட் 31 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டே, அதாவது 1948-இல், சென்னையில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்ததையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் அது கூட்டத்தைவிட்டுத் தனி மனிதனிடம் வந்தது. அந்த அளவில் முன்னேற்றமே.

பின்னர் நிகழ்ந்தது வேடிக்கையானது. எந்தச் சமூகப் பெயர் இரவு அழைப்புக்குக் காரணமாயிருந்ததோ, அதே பெயர் பிற்காலத்தில் சீர்மரபினர் என்னும் தலைப்பின்கீழ்ச் சாதிச் சான்றிதழில் ஏறிற்று. 1989 முதல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கும் சீர்மரபினர்க்குமாக நூற்றுக்கு இருபது இடம் ஒதுக்கப்பட்டது. பாட்டன் தாசில்தார் அலுவலகத்தையும் காவல் நிலையத்தையும் கண்டால் ஒதுங்கினான். பேத்தி அதே தாசில்தார் அலுவலகத்தில் வரிசையில் நின்று, "சான்றிதழ் இன்றே வேண்டும், கலந்தாய்வுக்கு நாள் நெருங்கிவிட்டது" என்று உரிமையோடு கேட்கிறாள். 1954-இல் மதுரையிலும், 2004-இல் தேனியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தோன்றின. தேனிக் கல்லூரி அமைந்திருக்கும் கானாவிலக்கு, ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அணித்தே உள்ளது. ராதாரிச் சீட்டில்லாமல் ஒரு காலத்தில் கடக்கலாகாத வழி அது.

இனித் தனி மனிதனின் வழக்குக்கு வருகிறேன். சிறைப்பட்டோர் எல்லாரையும் உலகம் ஒன்றாக நோக்குவதில்லை. காஷ்மீரத் தலைவர் ஷேக் அப்துல்லாவை 1965-க்கும் 1967-க்கும் இடையே நம் கொடைக்கானல் மாளிகையொன்றில் காவலில் வைத்திருந்தார்கள். அவரே 1975-இல் தம் மாநிலத்தின் முதலமைச்சரானார். அரசியல் சிறை ஒருவர்க்குப் பதக்கமாகிறது. சந்தையில் ஒரு மூட்டையைத் தூக்கியவனுக்கு மட்டும் அது வாழ்நாள் மறு.

நான் பணியாற்றிய கடைசி ஆண்டுகளில், மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து சுமை தூக்கும் தொழிலாளர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவர் மகன் எங்கள் பள்ளியில் உயிரியல் படித்தான். கெட்டிக்காரன். பதினைந்து வயதில், தன்னினும் மூத்த இருவரோடு சேர்ந்து கிடங்கொன்றிலிருந்து மலைப்பூண்டு மூட்டை எடுத்ததாகப் பிடிபட்டு, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டு, அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்பப்பட்டவன்.

"ஐயா, பையன் பேரு டேசன்ல இருக்குதுங்க. டாக்டர் படிப்புக்கு மனுப் போட்டாத் தள்ளிருவாங்களா? மறைச்சு எழுதிரலாமுங்களா?" என்று அவர் கேட்டார்.

மறைக்க வேண்டியது எதுவும் இல்லை என்று அவரிடம் கூறினேன். ஆறுதலுக்காகச் சொன்ன சொல் அன்று அது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவன் செய்த குற்றத்தால் அவனுக்குப் பின்னாளில் எத்தகுதிக் குறைவும் நேரலாகாது என்றும், மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் அப்பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்றும் கூறுகிறது. பதினாறு வயது கடந்தவன் செய்த கொடுங்குற்றம் மட்டுமே விலக்கு. நமது மாநிலத்தில் மருத்துவக் கல்விச் சேர்க்கை தேர்வு மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் அடிப்படையாகக் கொண்டது. கல்லூரியில் சேர்வோரிடம் பெறப்படும் பகடிவதை எதிர்ப்பு உறுதிமொழியும், அக்குற்றத்திற்காக ஒரு கல்வி நிலையத்திலிருந்து விலக்கப்பட்டதுண்டா என்பதைத்தான் கேட்கிறது. உண்மையான சோதனை, பட்டம் பெற்று அரசுப் பணிக்குச் செல்லுங்கால் காவல் துறை விசாரணையில் வரும்.

அவ்விடத்திலும் நீதிமன்றங்கள் வழி காட்டியிருக்கின்றன. 2011-இல் டெல்லிக் காவல் பணி தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், இளைஞர் செய்யும் சிறு பிழையை மன்னிக்கும் மனப்பான்மை வேண்டுமென்று கூறி, ரொட்டி திருடியமைக்காக வாழ்நாளெல்லாம் துரத்தப்பட்ட ஜீன் வால்ஜீனின் கதையை நினைவூட்டிற்று. 2016-இல் மூன்று நீதிபதிகள் அமர்ந்து, அற்பக் குற்றமாயின் அதைக் குறிப்பிடாமல் விட்டதை அதிகாரிகள் பொறுத்தருளலாம் என்றும், பெரிய வழக்கை வேண்டுமென்று மறைத்தால் பணி போகும் என்றும் வரம்பு கட்டினர். 2019-இல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக்குத் தேர்வான ஒருவர்க்குச் சிறுவயது வழக்கைக் காட்டிப் பணி மறுத்தது தவறு என்று தீர்ப்பாயிற்று. வயது வந்தோர்க்கும் 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் உண்டு. அதன்படி எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கப்பட்டவனுக்கு அத்தண்டனையால் தகுதியிழப்பு இல்லை. இவ்வளவும் ஏட்டில் இருந்தும், கிராமத்துத் தந்தை ஒருவர்க்கு இவற்றில் ஒன்றும் தெரிவதில்லை. காவல் நிலையத்தில் பெயர் இருக்கிறது என்னும் அச்சம் மட்டுமே அவர்க்குப் பரம்பரையாக வந்து சேர்ந்திருக்கிறது.

வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு குழுமத்தின் ஆணை நகலைப் பெற்று வைத்துக்கொள்ளுமாறு அவரிடம் சொல்லி அனுப்பினேன். பையன் முதல் ஆண்டுத் தேர்வில் இடம் பெறவில்லை. மறு ஆண்டில் பெற்றான். மாற்றுச் சான்றிதழில் 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்றோர் இனம் உண்டு. தலைமையாசிரியர் தம் கையால் நிரப்ப வேண்டிய இடம் அது. மூன்றாண்டுகள் அவனை நாள்தோறும் கண்டவன் என்ற முறையில், 'நன்று' என்று அதில் எழுதிக் கையொப்பமிட்டேன்.