இரண்டாண்டா, நான்காண்டா? பூனைத் தைராய்டுச் சிகிச்சையில் ஒரு கணக்கின் மறுவாசிப்பு

தைராய்டு மிகையாகச் சுரக்கும் பூனைக்குக் கதிரியக்க அயோடின் ஊசி போட்டால், அது மாத்திரையில் காலம் தள்ளும் பூனையைவிட இருமடங்கு வாழும் என்பது இத்துறையில் ஏறக்குறைய வாய்பாடாகிவிட்டது. வாய்பாட்டைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் ஒரே ஆய்வு: 2006இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்க இதழில் வந்த, 167 பூனைகளின் பழைய பதிவுகளைத் திரட்டி எழுதிய கட்டுரை. அதன் எண்களோடு இங்கே சண்டையில்லை. அவற்றை வாசித்த முறையோடுதான்.

மெத்திமசோல் மாத்திரை மட்டும் பெற்றவை 47, அயோடின்-131 மட்டும் பெற்றவை 55, மாத்திரைக்குப் பின் அயோடின் பெற்றவை 65. முன்பே சிறுநீரக நோய் இருந்த பூனைகளை விலக்கினால், வாழ்நாளின் இடைநிலை அளவு முறையே 2.0, 4.0, 5.3 ஆண்டு. வாய்பாட்டுக்கு முதல் இரண்டு எண்களே போதும். மூன்றாவதை அது கண்டுகொள்வதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஆயுளைக் கூட்டியது அயோடின் என்றால், தாமதமாக அதைப் பெற்ற பூனைகள் மற்ற எல்லாவற்றையும் முந்தியது எப்படி?

மாத்திரையிலிருந்து ஊசிக்குப் போகப் பூனை முதலில் உயிரோடு இருக்க வேண்டும். இடையில் இறந்தது மாத்திரைக் கணக்கில் விழும். தப்பியது மட்டுமே மூன்றாம் பிரிவுக்கு வரும். இதோடு சிறுநீரகமும் சேர்கிறது. மிகைச் சுரப்பு அங்கே ரத்த ஓட்டத்தைப் பெருக்கி, உள்ளிருக்கும் பழுதை மறைத்துவைக்கும். சுரப்பு அடங்கியதும் கிரியேட்டினின் ஏறும். ஆகவே மாத்திரையை வெள்ளோட்டமாகக் கொடுத்து, சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு ஊசிக்கு அனுப்புவது மருத்துவர் பலரின் வழக்கம். தாங்காத பூனை மாத்திரையிலேயே தங்கிவிடும். முன்பே நோய் தெரிந்தவற்றை விலக்கிய வடிகட்டியில், பின்னால் வெளிப்பட்ட இந்தப் பழுது சிக்காது. ஒவ்வொரு பூனையும் எந்தக் காரணத்தால் எந்தப் பிரிவுக்குப் போனது என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து உறுதிசெய்வது கடினம் என்பதால், இதை வலுவான ஐயம் என்ற அளவிலேயே வைக்கலாம். ஆனால் 5.3 என்ற எண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் தென்படவில்லை.

இடைநிலை அளவை விட்டுக் கால்மான எல்லைகளைப் பார்த்தால் ஐயம் கூடுகிறது. மூன்றாம் பிரிவில் அவை 2.2, 6.5 ஆண்டு, அயோடின் மட்டும் பெற்றவற்றில் 3.0, 4.8. வெற்றிப் பிரிவிலேயே கால்வாசிப் பூனைகள் இரண்டேகால் ஆண்டுகூட நிற்கவில்லை. தோற்றதாகச் சொல்லப்படும் மாத்திரைப் பிரிவிலோ, கால்வாசி 3.9 ஆண்டைத் தொட்டன. 2001இல் வெளியான ஆய்வொன்றில் அயோடின் பெற்ற 231 பூனைகளின் இடைநிலை வாழ்நாள் 25 மாதம்தான். அந்த நான்காண்டு அங்கே எங்கே போயிற்று?

குலுக்கல் முறையில் பூனைகளைப் பிரித்துச் சோதிக்க முடியாது, செலவு செய்பவர் வளர்ப்பவர் என்று சொல்வார்கள். சரிதான். அதனால் பழைய பதிவு சோதனையின் தகுதியைப் பெற்றுவிடாது.

இவ்வளவும் அயோடினுக்கு எதிரான வழக்கல்ல. 1995இல் வந்த 524 பூனைகளின் ஆய்வில் 94 விழுக்காட்டுக்கு மேல் நல்ல பலன். எட்டு நாள் அரை ஆயுள் கொண்ட அயோடின்-131இன் பீட்டா கதிர் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்குவதால், பக்கத்துப் பாராதைராய்டு பெரும்பாலும் தப்பிக்கிறது. தினமும் பூனையின் வாயைப் பிளந்து மாத்திரை போட்டவருக்கு ஊசியின் அருமையைச் சொல்லவே வேண்டாம். நோய் தீர்கிறது என்பதே போதுமான நியாயம். ஆயுள் இரட்டிப்பு என்ற இரவல் நகை தேவையில்லை.

ஆயுளைப் பற்றிக் கவலைப்படுவோர் மருந்தின் அளவைப் பார்க்கலாம். 2010இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்குப் பின் தைராய்டு குறைந்துபோன பூனைகளில், சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தவை 456 நாளும், அது சேராதவை 905 நாளும் வாழ்ந்தன. இரண்டும் இடைநிலை அளவுகள். 2017இல் வந்த ஒப்பீட்டில், 4 மில்லிகியூரி பெற்றவற்றில் 18 விழுக்காட்டுக்கு வெளிப்படையான தைராய்டுக் குறைவு வந்தது; 2 மில்லிகியூரி பெற்றவற்றில் 1 விழுக்காட்டுக்கே. பாதி மருந்தில் நோய் தீராமல் நின்றவை 3.3 விழுக்காடு.