வல்லிபுரப் பொற்சாசனமும் நாகதீவின் ஆட்சியும்: ஒரு மறுவாசிப்பு

பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே மணற்குன்றுகளை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர் வல்லிபுரம். ஆழ்வார் கோயிலும் புரட்டாதிக் கடல் தீர்த்தமும் அதன் இன்றைய அடையாளங்கள். அதன் பழைமைக்குத் தலையாய சான்று, 1936இல் கோயிலருகே கிடைத்த நான்கு வரிப் பிராமிப் பொற்சாசனம். வஹ மன்னன் காலத்தில் அமைச்சன் இசிகிராய நாகதீவை (யாழ்ப்பாணக் குடாநாட்டை) ஆண்டபோது, படகர என்னுமிடத்தில் பியகுக திஸ்ஸ விகாரை எடுக்கப்பட்டதை அது கூறுகிறது.

இதை எபிகிராபியா செய்லானிகா 4ஆம் தொகுதியில் பதிப்பித்த தொல்லியலாளர் பரணவிதான, வஹ என்பவன் அனுராதபுர மன்னன் வசபனே (கி.பி. 67-111) என்றார். அதிலிருந்து, குடாநாடு அனுராதபுரத்தின் நேரடி ஆட்சியில் இருந்தது, அங்கு வாழ்ந்தோர் சிங்களம் பேசியோர் என்ற முடிவுகளுக்கும் சென்றார். இம்மூன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

முதலாவது, மன்னன் பெயர். வசபனின் பெயரன் கஜபாகுவின் கல்வெட்டு ஒன்று, பாட்டன் பெயரை 'வஹப' என்று பகரத்தோடு தருகிறது. வல்லிபுர ஏட்டில் அந்தப் பகரம் இல்லை. பொறித்தவர் கைத்தவறு என்றோ குறுக்கம் என்றோ விளக்கலாம். விளக்கம் தேவைப்படும் அடையாளத்தின்மீது ஓர் ஆட்சி வரலாற்றையே எழுப்புவது தகாது. வசபனை விலக்கினால் எஞ்சுவது எழுத்தமைதி மட்டுமே. அது ஒரு நூற்றாண்டு முன்பின்னாகவே காலம் சொல்லும். எனவே கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகள் என்பதற்குமேல் துணிய நான் தயங்குகிறேன்.

இரண்டாவது, ஆட்சியின் தன்மை. 'புஜமேனி' என்ற வினையைப் பரணவிதான 'ஆளுகையில்' என்று கொண்டார். புஜ் என்னும் வேருக்கு ஆளுதலோடு துய்த்தல் என்ற பொருளும் உண்டு. நாட்டைத் துய்த்தவன், மேலரசின் அமைச்சன் என்ற பட்டத்தை ஏற்ற உள்ளூர்த் தலைவனாகவும் இருக்கலாம். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டைப் பெருங்கற்கால ஈமப் புதைவில் கண்ட முத்திரை 'கோவேத' என்று வாசிக்கப்படுகிறது. குடாநாட்டில் 'கோ' என்று சொல்லிக்கொண்ட தலைமை முன்பே இருந்தது. அந்த முத்திரைக்கும் இசிகிராயனுக்கும் நேர்த்தொடர்பு காட்ட இயலாது. எனினும் தலைவர்களே இல்லாத நிலத்துக்கு அதிகாரி அனுப்பப்பட்டார் என்ற சித்திரத்தை அது அசைக்கிறது.

மூன்றாவது, மொழி. சாசனம் பிராகிருதத்தில் உள்ளது. அக்காலத்தில் அமராவதி முதல் ஈழம் வரை பௌத்தக் கொடைகள் பிராகிருதத்திலேயே எழுதப்பட்டன. தமிழறிஞர் ஆ. வேலுப்பிள்ளை இச்சாசனத்தில் தமிழ்க் கூறுகளையும் சுட்டியுள்ளார். கொடைமொழியை வைத்து ஊரார் வீட்டுமொழியைத் தீர்மானித்தால், பிராகிருதம் பொறித்த ஊர்கள் அனைத்துக்கும் அதே விதியைப் பொருத்த நேரும். அதை எவரும் ஏற்கமாட்டார்.

பௌத்தம் இங்கு வேரூன்றியிருந்ததில் எனக்கு மறுப்பில்லை. வல்லிபுரத்தில் கிடைத்த புத்தர் சிலையை பிரித்தானிய ஆளுநர் பிளேக் 1906இல் சீயம் மன்னருக்கு அளித்துவிட்டார். அந்தச் சிலையும் குடாநாட்டின் கந்தரோடைத் தூபிகளும் தமிழர் தயக்கமின்றி உரிமை கொள்ளவேண்டிய மரபு. பௌத்தம் என்றால் சிங்களம் என்ற சமன்பாட்டை ஏற்றுக்கொண்டே பரணவிதானவின் முடிவுகளை மறுக்க முனைந்த நம்மவரும் அவருடைய சட்டகத்துக்குள்ளேயே நின்றார்கள்.

அனுராதபுரத்தின் மேலாண்மை குடாநாட்டை எட்டியிருக்கலாம். அதன் அளவை இந்த நான்கு வரிகள் அறுதியிடவில்லை. வல்லிபுர மணலில் மண்ணடுக்கு முறைப்படி அகழ்ந்து, கறுப்பு-சிவப்பு மட்கலங்களின் காலத்தைக் கணித்தால், குடியிருப்பின் வயதையாவது எழுத்தமைதியைச் சாராமல் சொல்ல முடியும். வஹ யார் என்ற வினா அதன் பின்னும் எஞ்சக்கூடும்.